மூளையின் மதகுகள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழாவென்றால் இசையும் நாடகமும் இலக்கிய உரையும் எதிர்பார்க்கப்படும். அவற்றிற்கு நடுவே ஒரு நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, ஒரே காலனியில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நமக்குச் சங்கமே சுற்றம். சுற்றத்தார் கூடும் இடத்தில் சொல்லத்தக்கவற்றைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? ஆகவே, பலர் வாய்திறந்து பேசத் தயங்கும் வலிப்பு நோயையும், அதன் வேர்களுள் ஒன்றாக இக்காலத்து அறிஞர் கண்டறிந்த மரபுக் குறைபாட்டையும் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

இந்நோய் தமிழர்க்குப் புதிதன்று. நம் முன்னோர் இதனை முயலகன் என்றனர். ஊர்ப்புறத்தார் காக்கை வலிப்பு என்றனர். தில்லைக் கூத்தன் ஊன்றிய திருவடியின்கீழ்க் கிடக்கும் குறளுருவே முயலகன். வடமொழியில் அவனுக்கு அபஸ்மாரன் என்று பெயர். அபஸ்மாரம் என்பதே ஆயுர்வேத நூல்களில் வலிப்பு நோயின் பெயருமாகும். கொல்லி மழவன் என்னும் தலைவனின் மகளை முயலக நோய் வருத்தியதையும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அதனைத் தீர்த்ததையும் பெரியபுராணம் கூறுகிறது. அத்தலம் இன்று திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவாசி என வழங்குகிறது. இவ்வரலாற்றில் நான் போற்றுவது ஒன்றுண்டு. மழவன் தன் மகளின் நோயை மறைக்கவில்லை. ஊரறியக் கோயிலுக்குக் கொணர்ந்து இறைவன் திருமுன் கிடத்தினான். ஆளும் தலைவனுக்கு இல்லாத நாணம், ஏனோ பின்வந்த நமக்கு வந்துவிட்டது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். நம் நாட்டில் மட்டும் ஒரு கோடி அளவினர் இருப்பர் என மதிப்பிடப்படுகிறது. தக்க மருத்துவம் கிடைக்குமானால் இவர்களுள் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பே வராமல் வாழ இயலும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. அங்ஙனமாயின், நூற்றுக்கு எழுபது பேருக்கு இதனைத் தீராத சாபம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நோயின் இருப்பிடம்

இந்நோய்க்கு இருப்பிடம் மூளையே; மற்ற நோய்களைவிட இது தெய்விகமானதன்று எனச் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு ஹிப்போக்கிரட்டீசின் மரபினர் எழுதிவைத்தனர். மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென அளவுக்கு மீறி எழும் வெளிப்பாய்ச்சலே வலிப்பு என்று 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் விளக்கினார். மூளையின் மின்னலைகளைத் தலையின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்யலாம் என 1929-இல் ஜெர்மானியராகிய ஹான்ஸ் பெர்கர் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஈ.ஈ.ஜி. சோதனை அவர் வழிவந்ததே.

எனினும், அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மூளைக்குள் கம்பியுமில்லை, மின்கலமுமில்லை. உப்பு நீர் ஒன்றே உண்டு. விடை அந்த உப்பில் இருக்கிறது.

நீரில் கரைந்த உப்புப் பொருள்கள் மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகின்றன. அவற்றை அயனிகள் என்பர். நம் மூளையில் 8,600 கோடி அளவில் நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதற்கு வெளியே சோடிய அயனிகள் மிகுதி. உள்ளே பொட்டாசிய அயனிகள் மிகுதி. அணு ஓய்ந்திருக்கும்போது உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட்டு எதிர்மின் நிலையில் நிற்கிறது.

நம் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். கரைக்கு ஒருபுறம் நீர் நிறைந்து நிற்கும். மறுபுறம் வயல் தாழ்ந்து கிடக்கும். மதகு திறந்தால் நீர் பாயும், மூடினால் நிற்கும். நரம்பணுவின் சவ்வு ஏரிக்கரை போன்றது. அதில் புரதத்தால் ஆன மதகுகள் பல உள்ளன. அறிஞர் இவற்றை அயனிக் கால்வாய்கள் என்பர். திறப்பதும் மூடுவதுமே இவற்றின் தொழிலாதலின், நான் மதகு என்றே சொல்லிச் செல்கிறேன். சோடியத்திற்கு ஒரு மதகு, பொட்டாசியத்திற்கு ஒரு மதகு, கால்சியத்திற்கு ஒன்று, குளோரைடுக்கு ஒன்று எனத் தனித்தனியே உண்டு. சோடிய மதகு திறந்ததும் அயனிகள் உட்புகுந்து மின்னிலை மாறுகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் காலத்திற்குள் அம்மதகு தானே அடைபடுகிறது. அடுத்துப் பொட்டாசிய மதகு திறந்து பழைய நிலையை மீட்கிறது. இவ்வொரு துடிப்பே நரம்புச் செய்தி. நாம் நினைப்பதும் பேசுவதும் கை அசைப்பதும் இத்துடிப்புகளால்தான்.

1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் ஊசிக் கணவாயின் பெருநரம்பிழையில் இதனை அளந்து கணக்காக நிறுவினர். 1963-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். தனி மதகு ஒன்றின் வழியே பாயும் மின்னோட்டத்தை 1976-இல் நேஹர், சாக்மன் என்போர் ஜெர்மனியில் அளந்து காட்டி, 1991-இல் அப்பரிசைப் பெற்றனர். திறந்திருக்கும் ஒரு மதகின் வழியே ஒரு நொடியில் கோடிக்கணக்கான அயனிகள் பாய்கின்றன என்றால் அதன் வேகத்தை உணரலாம்.

மதகு பழுதுபட்டால்

மதகு ஒன்று சரியாக மூடாமற்போனால் வயல் மூழ்கும். திறக்காமற்போனால் பயிர் வாடும். மூளையிலும் அவ்வாறே. இம்மதகுகளை எவ்வாறு கட்டவேண்டும் என்னும் குறிப்பு நம் மரபணுக்களில் எழுதப்பட்டுள்ளது. அக்குறிப்பில் ஓர் எழுத்து பிழைபட்டாலும் மதகின் இயல்பு மாறக்கூடும்.

இவ்வுண்மை முதலில் வெளிப்பட்டது 1995-இல். ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகப் பலருக்கு உறக்கத்தில் மட்டும் வலிப்பு வந்தது. இத்தகையோர் இரவில் திடுக்கிட்டெழுந்து கைகால்களை உதறுவதைக் கண்டோர், கெட்ட கனவென்றோ மனநோயென்றோ எண்ணிவிடுவதுண்டு. ஆராய்ந்தபோது, நிக்கோட்டின் பற்றிக்கொள்ளும் அயனி மதகு ஒன்றின் மரபணுவில் மாற்றம் காணப்பட்டது. 1998-இல், பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்புத் தோன்றிச் சில மாதங்களில் தானே நின்றுவிடும் ஒரு குடும்ப நோய்க்குப் பொட்டாசிய மதகுகளின் மரபணுக்கள் இரண்டு காரணம் எனத் தெரிந்தது. பின்னர் அவ்விரண்டனுள் ஒன்றிலேயே நேரும் வேறுவகை மாற்றங்கள், மூளை வளர்ச்சியையே தடுக்கும் கொடிய நோயையும் விளைவிக்கும் எனக் கண்டனர். ஒரே மதகு, பிழை நேர்ந்த இடத்தையும் தன்மையையும் பொறுத்து விளைவு வேறு.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். எல்லா வலிப்பும் மரபால் வருவதன்று. தலையில் அடிபடுதல், பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், கட்டி ஆகியனவும் காரணமாகும். நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டை தூய்மையற்ற உணவு வழியே உடலிற் புகுந்து, அதன் இளம்பருவம் மூளையில் தங்குவதும் பெருங்காரணம். மரபுவழி வலிப்பிலும் பல மரபணுக்களின் சிறு சிறு மாற்றங்கள் கூடிவருவனவே மிகுதி. ஒரே மதகின் பழுதால் வருவது ஒரு பகுதியே. ஆயினும் அப்பகுதியிலேதான் குழந்தைகளைத் தாக்கும் கொடிய வகைகள் சில அடங்கியுள்ளன.

ஒரு மதகின் கதை

அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது டிராவே நோய். பிரெஞ்சு மருத்துவராகிய சார்லட் டிராவே அம்மையார் 1978-இல் இதனைத் தனி நோயாக விவரித்தார். அதுவரை நலமாக வளர்ந்த குழந்தைக்கு முதல் ஆண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு, வலிப்பு வருகிறது. சில நிமிடங்களில் நிற்பதற்கு மாறாக நெடுநேரம் நீடிக்கிறது. சிலபோது உடலின் ஒரு பக்கத்தை மட்டும் இழுக்கிறது. பின்னர்க் காய்ச்சல் இல்லாமலும் வருகிறது. வெந்நீர்க் குளியலும் அதனைத் தூண்டும். இரண்டாம் ஆண்டிற்குப்பின் பேச்சும் அறிவும் நடையும் பின்தங்கத் தொடங்குகின்றன. உயிருக்கு ஊறு நேர்வதும் உண்டு.

இந்நோய்க்குக் காரணம், இரண்டாம் குரோமோசோமில் உள்ள எஸ்சிஎன்1ஏ என்னும் சோடிய மதகின் மரபணு என 2001-இல் பெல்ஜிய அறிஞர் கண்டனர். இந்நோயுற்றாருள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு மேல் இம்மரபணுவில் மாற்றம் உண்டு. பெற்றோரின் இரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலோரிடம் அம்மாற்றம் இல்லை. அஃது அக்குழந்தையில் புதிதாகத் தோன்றியது. நூலைப் படியெடுப்போன் கையில் ஓரெழுத்து மாறுவதுபோல், கருவணுக்கள் உண்டாகும்போது இயற்கையில் நேர்ந்த மாற்றம் அது. தாய் கருவுற்றபோது உண்டதோ, தந்தை செய்ததோ, முன்வினையோ, கிரகமோ காரணமன்று. தாய்மார்களே, இவ்வொன்றை நீங்கள் நெஞ்சில் இருத்திக்கொண்டால் என் உரையின் பாதிப்பயன் கிட்டிவிடும். இத்தகைய குழந்தையைப் பெற்றவளை மாமியார் வீட்டார் பழிக்கும் வழக்கம் அறிவியலின்முன் நில்லாது.

இனி, இக்கதையின் வியப்பான பகுதிக்கு வருகிறேன். டிராவே நோயில் சோடிய மதகு குறைவாக வேலை செய்கிறது. சோடியம் உட்புகுந்தால்தானே நரம்பணு துடிக்கும்? மதகு குன்றினால் துடிப்புக் குறையவேண்டும், வலிப்பும் குறையவேண்டும். மிகுவதேன்? 2006-இல் எலிகளில் செய்த ஆய்வு விடை தந்தது. மூளையில் தூண்டும் அணுக்களும் உண்டு; அவற்றை அடக்கும் அணுக்களும் உண்டு. இந்தக் குறிப்பிட்ட மதகு அடக்கும் அணுக்களுக்கே இன்றியமையாதது. அது பழுதுற்றால் முதலில் சோர்வது காவலர். காவலர் சோர்ந்த ஊரில் கலகம் எழுகிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. வலிப்புக்குப் பெரிதும் வழங்கப்படும் கார்பமசெபின், பெனிடாயின், லாமோட்ரிஜின் ஆகிய மருந்துகள் சோடிய மதகை அடைப்பவை. பலருக்கு இவை உயிர் காக்கும் மருந்துகள். டிராவே நோயுற்ற குழந்தைக்கோ, சோர்ந்துள்ள காவலரை மேலும் உறங்கவைத்து வலிப்பைப் பெருக்கக்கூடியவை. அக்குழந்தைகளுக்கு வால்புரோயேட்டு, குளோபசாம் போன்றவற்றை மருத்துவர் தேர்கின்றனர். ஸ்டிரிபென்டால், கன்னாபிடியால், பென்புளூரமின் என்பனவும் பயன்படுகின்றன. இதற்கு நேர்மாறாக, எஸ்சிஎன்8ஏ என்னும் வேறொரு சோடிய மதகு மிகையாகத் திறந்திருப்பதால் வலிப்புறும் குழந்தைகளுக்கு, மேற்சொன்ன அடைக்கும் மருந்துகளே பல நேரங்களில் நற்பயன் தருகின்றன. எஸ்சிஎன்2ஏ என்னும் மதகிலும் அப்படியே: பிறந்து மூன்று திங்களுக்குள் தொடங்கும் வலிப்பில் மதகு பெரும்பாலும் மிகையாகத் திறக்கிறது, அடைக்கும் மருந்து உதவுகிறது. பிற்பாடு தொடங்குவதிலோ பெரும்பாலும் மதகு குன்றியிருக்கிறது. அதே மருந்து தீங்காகலாம். வெளியே பார்ப்போர்க்கு இரண்டும் வலிப்பே. உள்ளே மருந்து ஒன்றுக்கு அமிழ்து, மற்றொன்றுக்கு நஞ்சு. மரபணுச் சோதனையின் பயன் இதுவே.

ஆனால் ஒன்று சொல்வேன். இதைக் கேட்டுவிட்டு, இல்லம் சென்றதும் குழந்தைக்குக் கொடுத்துவரும் மருந்தை யாரும் தாமே நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவதே நீண்ட வலிப்பை வரவழைக்கும். ஐயமிருப்பின் நரம்பியல் மருத்துவரைக் கேட்பதே முறை.

தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். ஊசி போட்டதனால் மூளை கெட்டது என்று கூறப்பட்ட 14 பேரை 2006-இல் ஆஸ்திரேலிய அறிஞர் முதலானோர் ஆராய்ந்தனர். அவர்களுள் 11 பேரிடம் இதே எஸ்சிஎன்1ஏ மரபணுவின் மாற்றம் இருந்தது. ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாகத் தூண்டியிருக்கலாம்; நோயை உண்டாக்கியது ஊசியன்று. ஆகவே அச்சத்தால் குழந்தைகளுக்குத் தடுப்பூசியை மறுப்பது தவறு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர்க்குக் காய்ச்சல் வலிப்பு வருவதுண்டு. மிகப் பெரும்பாலோர்க்கு அது தீங்கின்றி நீங்கிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

நாம் செய்யத்தக்கன

வலிப்பு வந்தவரைக் கண்டால் என் செய்வது? இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதாலும், வெங்காயத்தை முகரக் கொடுப்பதாலும் மதகு மூடிக்கொள்வதில்லை. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். தலைக்கு மெத்தென எதையேனும் வையுங்கள். ஒருக்களித்துப் படுக்கச் செய்யுங்கள். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ இடவேண்டா. கைகால்களை இறுகப் பிடிக்கவேண்டா. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிடில் உடனே மருத்துவ உதவி நாடுங்கள்.

அடுத்தது, புலம் பெயர்ந்து வாழும் நமக்கே உரிய கடமை. ஒரே மாற்றத்தைத் தாங்கிய குடும்பத்தில் பாட்டனார்க்குச் சிறுவயதில் காய்ச்சல் வலிப்பு வந்து நின்றிருக்கலாம். அத்தைக்கு ஏழெட்டு வயதுவரை வந்திருக்கலாம். பேரக் குழந்தைக்கு அது கடுமையாக வரலாம். இவற்றைக் கோத்துப் பார்த்தால்தான் மருத்துவர்க்கு வழி புலப்படும். ஆனால் அந்த நினைவுகள் எங்கே உள்ளன? தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் உள்ள முதியோரிடம். நாமோ ஆயிரம் கல் தொலைவில் இருக்கிறோம். ஆண்டுக்கொருமுறை ஊர் செல்லும்போது, நிலத்தின் பட்டாவைக் கேட்பதுபோல் குடும்பத்தின் நோய் வரலாற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாற்றலாகி வேற்றூர் செல்வோர், மருந்துச் சீட்டுகளையும் ஈ.ஈ.ஜி. தாள்களையும் தேதிவாரியாகக் கட்டி உடன் கொண்டு செல்லுங்கள். வலிப்பு வந்த நேரம், நீடித்த அளவு, அன்று காய்ச்சல் இருந்ததா என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வைப்பது பெருந்துணை.

மூன்றாவதாகத் திருமணம். பெண்ணுக்கோ பையனுக்கோ வலிப்பு உண்டெனில் அதனை மறைத்து மணமுடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மறைத்தவர், மணப்பந்தலில் மருந்தையும் மறைக்கச் சொல்கின்றனர். உறக்கமின்மையும் மருந்து தவறுதலும் சேர்ந்து முதல் வாரத்திலேயே வலிப்பு வருகிறது. பின்னர்ப் பழியும் பிரிவும். ஒரு காலத்தில் சட்டமே இந்த அச்சத்திற்கு இடமளித்தது. 1976-இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டம், அடிக்கடி வலிப்பு வருவோரை மணத்திற்குத் தகுதியற்றோர் வரிசையில் வைத்தது. 1999-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது, நாமும் திருந்தவேண்டும்.

மரபால் வரும் நோய் பிள்ளைகளுக்கும் வருமே என்பீர்கள். பெற்றோர் ஒருவரிடம் ஒற்றை மாற்றம் இருந்தாலே நோய் தரும் வகையாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாற்றம் செல்லும் வாய்ப்புப் பாதி. சென்றோர் அனைவர்க்கும் நோய் வருவதுமில்லை. குழந்தையில் புதிதாகத் தோன்றிய மாற்றமாயின், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகச் சிறிது. ஆயினும் பெற்றோரின் கருவணுக்கள் சிலவற்றில் அது மறைந்திருக்கக் கூடுமாதலால் அறவே இல்லையெனக் கூறலாகாது. மாமன் மகள், அக்காள் மகள் என நெருங்கிய உறவில் மணப்பது இவ்வகைகளுக்குக் காரணமன்று. ஆனால் தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால்தான் தோன்றும் வேறு நோய்கள் பல உள்ளன. அவற்றின் வாய்ப்பை அவ்வுறவு மணம் கூட்டும். இவற்றையெல்லாம் விளக்கி வழிகாட்டும் மரபியல் ஆலோசனை இன்று நம் பெருநகர்களில் கிடைக்கிறது. சோதிடரிடம் பொருத்தம் பார்க்கும் நாம் அங்கும் ஒருமுறை செல்வதில் இழுக்கில்லை.

அன்பர்களே! பழுதுற்ற மதகைச் செப்பனிடும் முயற்சியும் தொடங்கியுள்ளது. டிராவே நோயில் ஒரு மரபணு குன்றினாலும் அதன் இணை நலமாகவே இருக்கிறது. அந்த நல்ல இணையைக்கொண்டே மிகுதியான புரதத்தை உண்டாக்கும் மருந்துகள் நோயாளிகளிடம் சோதனை நிலையில் உள்ளன. அவை கைகூடும் நாள் வரட்டும். அதுவரை நம் கையில் உள்ள மருந்து ஒன்றுண்டு. நம் காலனியில் வலிப்புள்ள குழந்தை ஒன்று இருக்குமாயின், அது மற்றக் குழந்தைகளோடு பள்ளிக்குச் செல்லட்டும்; மாலையில் கூடி விளையாடட்டும்; அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் ஏறிப் பாடட்டும். நடுவே வலிப்பு வந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகில் அமர்ந்து, அது தெளிந்தெழும்வரை காத்திருப்போம். பிறகு பாட்டு தொடரட்டும்.